மெஷினுக்குள்ளும் ஒரு கிணறு இருக்கிறது

வீட்டில் எல்லோருடைய அழுக்கையும் வாங்கிக்கொள்கிற வாஷிங் மெஷினை நாம் அழுக்கான பொருளாக நினைப்பதே இல்லை. தினமும் சோப்புத் தண்ணீரில் புரள்கிற மெஷினுக்குத் தனியாகக் குளியல் எதற்கு என்றுதான் தோன்றும். ஆனால், ஃப்ரண்ட் லோடு மெஷின் வைத்திருக்கும் தோழிகளிடம் கொஞ்சம் மனம்விட்டுப் பேசிப் பாருங்கள். "துவைச்சு எடுத்த துணியில ஒரு மாதிரி ஈர வாடை வருது. பவுடரை மாத்திப் பார்த்தேன், வாசனை லிக்விட் ஊத்திப் பார்த்தேன், போகவே மாட்டேங்குது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

அந்த வாடை எங்கள் வீட்டுக்கும் ஒரு தை மாதத்தில் வந்தது, லோடு ஆட்டோவில் ஏறி. சென்னையில் இருந்த என் கொழுந்தனாருக்கு வேலை வெளிநாட்டுக்கு மாறியது. ஆறு வருடம் ஓடிய அவர் வீட்டு 7 கிலோ மெஷினை, "அம்மாவுக்கு உதவியா இருக்கட்டும் அண்ணி" என்று எங்களுக்கு அனுப்பிவைத்தார். அதற்கு முன்னால் பூட்டிய ஃபிளாட்டில், பூட்டிய கதவோடு அது இரண்டு மாதம் சும்மா நின்றிருந்தது.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளம். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 68 வயது. போன வருடம்தான் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கீழே குந்தி உட்காரக் கூடாது, ஈரத் துணி நிறைந்த பக்கெட்டைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கணவர், நான் இருவரும் காஞ்சிபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். மகள் பள்ளிக்கூடம். அதனால் அந்த மெஷின் எங்களுக்கு வசதிக்காக வந்த பொருள் அல்ல. அத்தையின் முழங்காலுக்காக வந்த பொருள்.

மூன்றாவது நாளே அத்தை ஒரு புடவையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். "மழையில நனைஞ்ச கோணி மாதிரி இருக்கும்மா. இதைக் கட்டிக்கிட்டு விளக்கேத்த முடியாது" என்றார். மற்றபடி எந்தக் குறையும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, ஒரு மதியம் நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்தபோது கொடியில் அவருடைய புடவைகள் சொட்டச் சொட்டத் தொங்கின. பின்கட்டில் துவைக்கிற கல் ஈரமாக இருந்தது. நாங்கள் எல்லோரும் வெளியே போன பிறகு, ஆபரேஷன் செய்த காலை நீட்டி, கல்லோரம் தரையில் உட்கார்ந்து துவைத்திருக்கிறார். கேட்டதற்கு, "நாத்தம் புடிச்ச துணியைவிட முட்டி வலி தேவலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மெஷின் சுத்தமாகாவிட்டால் அத்தை கல்லை விடமாட்டார். கல்லை விடாவிட்டால் அவர் கால் தேறாது.

வாடை எங்கே ஒளிந்திருக்கிறது?

காஞ்சிபுரத்திலிருந்து மெக்கானிக் ஒருவரை வரவழைத்தோம். இளைஞர். வந்ததும் மெஷினை ஓடவிடவில்லை. கதவைத் திறந்து, வாயைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிற ரப்பரின் மடிப்பை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே கறுப்பாக வழவழவென்று ஒரு படலம். அதன் அடியில் தலைமுடி, நூல் பிசிறு, ஒரு குழந்தை சாக்ஸ்.

"அக்கா, டிரம்மை மட்டும் துடைச்சா போதாது. வாடை டிரம்முல இல்லை, டிரம்முக்குப் பின்னாடி இருக்கு" என்றார்.

அவர் சொன்ன விவரம் ஃப்ரண்ட் லோடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. நம் கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை ஓட்டையான ஸ்டீல் டிரம், இன்னொரு பெரிய தொட்டிக்குள் சுற்றுகிறது. தண்ணீர் நிற்பது அந்த வெளித் தொட்டியில்தான். நாம் போடும் பவுடரின் மிச்சம், உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கு, துணி மென்மைக்காக ஊற்றும் கண்டிஷனரின் கொழகொழப்பு எல்லாம் இரண்டுக்கும் நடுவில் படிகின்றன. இருட்டு, ஈரம், தீனி மூன்றும் ஓரிடத்தில் கிடைத்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடித்தனம் வைத்துவிடும். குளத்துப் படியில் பாசி வழுக்குவதைப் போல ஒரு படலம் கட்டிவிடுகிறது. அடுத்த முறை துவைக்கும்போது அந்த வாடைதான் துணியில் ஏறுகிறது.

மேலே மூடி வைத்த டாப் லோடு மெஷினில் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு. மூடியின் இடுக்கு வழியாகக் கொஞ்சமாவது காற்று போகும். ஃப்ரண்ட் லோடில் கதவு பக்கவாட்டில் இருப்பதால், தண்ணீர் வெளியே வராதபடி ரப்பர் இறுக்கமாக மூடியாக வேண்டும். தண்ணீர் வெளியே வராத இடத்தில் காற்றும் உள்ளே போகாது. இந்த மெஷின் தண்ணீரையும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். அது நமக்கு லாபம்தான். ஆனால் பவுடர் கொஞ்சம் கூடினாலும் அதை அலசிக் கழுவித் தள்ள அந்தத் தண்ணீர் போதாது.

அத்தை கண்ட கிணறு

அடுத்து மெக்கானிக், மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, முன்பக்கம் கீழ் மூலையில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு திருகு மூடி. அதுதான் பம்ப் ஃபில்டர். பக்கத்தில் இருந்த குட்டிக் குழாயை இழுத்து, அகலமான தட்டில் வடியவிட்டார். சாம்பல் நிறத்தில் நாற்றத்தோடு தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வடிந்த பிறகு மூடியைத் திருகி எடுத்தார். ஒரு 2 ரூபாய் நாணயம், இரண்டு ஹேர்பின், ஒரு ஊக்கு, சட்டைப் பொத்தான், சேறுபோல நூல் கசடு.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை கேட்டார், "ஏன் தம்பி, இந்தத் தண்ணி எப்பவுமே உள்ளேயே நிக்குமா?"

"ஆமாம்மா. எவ்வளவு வெளியேத்தினாலும் அடியில கொஞ்சம் நிக்கத்தான் செய்யும்."

"அப்போ இதுவும் கிணத்துக்குள்ள கிணறுதான். இறைக்காம விட்டா நாறாம என்ன செய்யும்?"

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு அத்தை எதைச் சொன்னார் என்பது உடனே விளங்கும். ஐயங்கார்குளம் என்றாலே சஞ்சீவிராயர் கோயில், அதையொட்டிய பெரிய குளம், பக்கத்தில் நடவாவிக் கிணறு. விஜயநகர காலத்தில் வாழ்ந்த லட்சுமிகுமார தாதாச்சாரியார் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற இடங்கள் இவை. வாவி என்றால் நீர்நிலை. நடந்தே உள்ளே இறங்கக்கூடிய வாவி என்பதால் நடவாவி. கல் தோரண வாயில் வழியாகப் படிகளில் இறங்கிப் போனால், பூமிக்கடியில் தூண்கள் வைத்த ஒரு மண்டபம். அந்த மண்டபத்துக்கு நடுவில் இன்னொரு கிணறு. நீர் ஊறி நிற்கும் காலத்தில் மண்டபமே கண்ணுக்குத் தெரியாது.

சித்திரைப் பௌர்ணமி நெருங்கும்போது அந்த நீரை இறைத்துவிடுவார்கள். படியையும் மண்டபத்தையும் சுத்தம் செய்வார்கள். பௌர்ணமியன்று காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் எங்கள் ஊருக்கு எழுந்தருளி, அந்த மண்டபத்துக்குள் இறங்குவார். திருவிழா முடிந்தால் ஊற்று பழையபடி கிணற்றை நிரப்பிக்கொள்ளும். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதை இறைத்து, அடியைக் கழுவி, புது ஊற்றுக்கு இடம் விட வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தை அந்தக் கண்ணால்தான் மெஷினைப் பார்த்தார். பார்த்த நிமிஷத்தில் அது அவருக்குத் தெரிந்த பொருளாகிவிட்டது.

வெள்ளாவியின் பேத்தி

ஃபில்டரைக் கழுவி மாட்டியாயிற்று. பவுடர் போடும் தட்டை, உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தியபடி முழுவதுமாக வெளியே இழுத்தோம். அதன் அடியிலும் கறுப்புப் பொட்டுகள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்தோம். அது நுழைகிற பொந்தின் கூரையையும் துடைத்தோம். அங்கேதான் தண்ணீர் தெளிக்கும் துளைகள் இருக்கின்றன. ரப்பர் மடிப்பை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய பனியன் துணியால் சுற்றிலும் துடைத்து எடுத்தோம். படலம் போய்விட்டது. ரப்பருக்குள்ளேயே ஊறிவிட்ட சில கறைகள் மட்டும் போகவில்லை. வாடை இல்லையென்றால் அந்தக் கறையைப் பொருட்படுத்த வேண்டாம், ரப்பர் கிழிந்தாலோ தண்ணீர் ஒழுகினாலோ மாற்றிக்கொள்ளலாம் என்றார் மெக்கானிக்.

டிரம்முக்குப் பின்னால் இருக்கும் அழுக்குக்குக் கை எட்டாது. அதற்குச் சூடுதான் வழி. பெரும்பாலான ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் தண்ணீரைச் சுட வைக்கும் ஹீட்டர் உள்ளேயே இருக்கிறது. 'டப் கிளீன்' அல்லது 'டிரம் கிளீன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். இல்லாவிட்டால் 60 டிகிரியோ அதற்கு மேலோ உள்ள காட்டன் வாஷை, துணியே போடாமல் ஓடவிடலாம். நாங்கள் முதலில் மெஷின் சுத்தம் செய்வதற்கென்று விற்கும் பவுடரைப் போட்டு ஓடவிட்டோம். வெளியேறும் குழாயைப் பக்கெட்டில் விட்டுப் பார்த்தேன். பழுப்புத் தண்ணீரில் கறுப்புத் துணுக்குகள் மிதந்து வந்தன. மறுநாள் இன்னொரு முறை. மூன்றாவது முறை தண்ணீர் தெளிந்தது.

"சூடு படாத துணி எப்படி வெளுக்கும்? அந்தக் காலத்துல வெள்ளாவி எதுக்கு வெச்சாங்க?" என்றார் அத்தை. அவர் சின்ன வயதில் ஊரில் சலவைத் தொழிலாளர்கள் துணியை உவர்மண்ணில் ஊறவைத்து, பானையில் அடுக்கி ஆவியில் வேகவைப்பார்கள். பிறகு அலசி, சுள்ளென்ற வெயிலில் விரிப்பார்கள். பிசுக்கைக் கரைக்க உவர்மண்ணின் காரம், கிருமியை அடக்க ஆவி, ஈரத்தை எடுக்க வெயில். நாம் பொத்தானை அழுத்துகிற 60 டிகிரி வாஷ் அந்த வெள்ளாவிக்குப் பேத்தி முறை.

மின்சாரச் செலவை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க சுமார் அரை யூனிட் மின்சாரம் போதும். மோட்டார் ஓடுவதையும் டிரம் சூடாவதையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். மாதம் ஒருமுறை செய்வதால் பில் எகிறிவிடாது.

உப்புத் தண்ணீர் வீட்டுக்காரர்களுக்கு

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான் காரணம். இப்படிப்பட்ட நீரைக் கடின நீர் என்பார்கள். சூடு படும்போது அந்த உப்புகள் பிரிந்து ஹீட்டரின் மேல் ஓடு கட்டும். ஓடு கட்டிய ஹீட்டர் தண்ணீரைச் சுட வைக்க நேரம் எடுக்கும், மின்சாரத்தையும் தின்னும். ஓட்டின் சொரசொரப்பில் அழுக்கு இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ள, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இந்த எண் உங்கள் வீட்டில் அதிகம் என்றால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓட்டைக் கரைக்கும் 'டீஸ்கேலிங்' பவுடர் போட்டுச் சூட்டில் வெறும் மெஷினை ஓடவிடுங்கள். பன்னீருக்குப் பால் திரிக்கப் பயன்படுத்தும் சிட்ரிக் ஆசிட்டும் இந்த ஓட்டைக் கரைக்கும். உங்கள் மெஷினின் கையேடு அதை அனுமதிக்கிறதா, எவ்வளவு போடலாம் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

தண்ணீர்க் குழாய் மெஷினோடு சேரும் இடத்தில் சின்ன வலை ஒன்று இருக்கும். மணல் அடைத்தால் தண்ணீர் மெதுவாக ஏறும், அலசலும் சரியாக இருக்காது. குழாயை மூடிவிட்டு அந்த வலையைக் கழற்றிக் கழுவுவது ஐந்து நிமிட வேலை.

செய்யக் கூடாதவை

பிளீச்சிங் திரவத்தையும் வினிகர், சிட்ரிக் ஆசிட் போன்ற புளிப்புப் பொருளையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் அது ஆபத்து. ஒன்றைப் போட்டு ஓட்டினால், நன்றாக அலசி முடித்து, வேறொரு நாளில்தான் மற்றதை எடுக்க வேண்டும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்க வைப்பதைச் செல்போனில் பார்த்திருப்பீர்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். காரமும் புளிப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கடைசியில் இரண்டுக்கும் வலு இல்லாமல் போகும். வினிகரை அடிக்கடி ஊற்றினால் ரப்பரும் சீக்கிரம் கெடலாம்.

வாடையை மறைக்க டிரம்முக்குள் அந்துருண்டை, கற்பூரம் வைக்காதீர்கள். வாசனை கண்டிஷனரைக் கூடுதலாக ஊற்றாதீர்கள். அது வாடைக்குத் தீனி போடுகிற வேலை. கைக்குத் துவைக்கிற பவுடரை இதில் போடாமல், ஃப்ரண்ட் லோடு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். கண்ணாடிக் கதவு முழுக்க நுரை தெரிந்தால் பவுடர் அதிகம் என்று அர்த்தம். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்ணாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜரிகை போட்ட காஞ்சிப் பட்டுக்கு மெஷின் பக்கமே வேலை இல்லை.

எங்கள் வீட்டு முறை

வாஷ் முடிந்த மணி அடித்ததும் துணியை எடுத்துவிடுகிறோம். இரவு போட்டுக் காலையில் எடுக்கிற பழக்கம் இல்லை. ரப்பர் மடிப்பை, குறிப்பாக அடிப்பக்கத்தை, உலர்ந்த துணியால் ஒரு சுற்றுத் துடைக்கிறோம். கதவையும் பவுடர் தட்டையும் நான்கு விரல்கடை திறந்தே வைக்கிறோம். தவழும் குழந்தைகளோ பூனையோ இருக்கும் வீட்டில் மெஷின் இருக்கும் அறையின் கதவைச் சாத்தி வைத்துவிடுங்கள். அடுத்த முறை ஓட்டும்முன் டிரம்முக்குள் எட்டிப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை பெட்ஷீட், துண்டு இவற்றைச் சூட்டில் துவைக்கிறோம். துணியும் சுத்தம், மெஷினுக்கும் ஒரு சின்ன வெள்ளாவி. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர் கழுவுவது என் கணவரின் பொறுப்பு. சூடான வாஷ் முடிந்த கையோடு திறக்கக் கூடாது, தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். பவுடர் தட்டைக் கழுவுவது மகள். அன்று மாலை துணி இல்லாமல் டப் கிளீன். எல்லாம் செய்த பிறகும் வாடை வந்தால், கழிவுநீர்க் குழாய் சாக்கடைக்குள் ஆழமாகச் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் வாடை அந்த வழியாகத்தான் ஏறி வரும்.

அந்தச் சித்திரைப் பௌர்ணமிக்கு எங்கள் வீட்டில் 14 பேர் தங்கினார்கள். திருவிழாவுக்கு முந்தைய நான்கு நாளும் மெஷின் ஓடியது. பெட்ஷீட், தலையணை உறை, வேட்டி, துண்டு என்று எல்லாவற்றையும் அதில் போட்டு எடுத்தோம். மடித்து வைப்பதற்கு முன் அத்தை ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தார். ஒன்றைக்கூடத் தள்ளிவைக்கவில்லை. சாமி வந்த அன்றைக்கு அவர் கட்டிக்கொண்டதும் மெஷினில் துவைத்த சுங்குடிப் புடவைதான்.

துவைக்கிற கல் இன்னும் பின்கட்டில் இருக்கிறது. அதன்மேல் இப்போது துளசித் தொட்டி. அத்தை காலை மாலை தெருக்கோடி வரை தடி இல்லாமல் நடந்துவிட்டு வருகிறார். மெஷினுக்கு இப்போது அவர்தான் காவல். யாராவது பழக்க தோஷத்தில் கதவை அடித்துச் சாத்திவிட்டால் உள்ளேயிருந்தே குரல் வரும், "ஏம்மா, அதுக்கு மூச்சு முட்டாதா?"

தண்ணீரை வடித்துவிடு, சூடு காட்டு, காற்றாட விடு. கிணற்றுக்கும் வெள்ளாவிக்கும் கொடிக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் வைத்திருந்த மூன்று விதிகள்தான் மெஷினுக்கும். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. இன்றைக்கு உங்கள் மெஷினின் ரப்பர் மடிப்பை விரலால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.